கத்திரி வெயிலுக்கு ஒரு ஹீட்டர்

உத்திரமேரூரில் மே மாதம் எப்படி இருக்கும் என்று தெரியாதவர்கள், நடு மத்தியானத்தில் எங்கள் பேருந்து நிலையத்துக்கு வந்து செருப்பைக் கழற்றிவிட்டு நின்று பார்க்கலாம். அந்த ஊரில், உட்காரும் சீட்டைச் சூடாக்குவதற்கென்று காருக்குள் ஹீட்டர் வைத்திருந்த ஒரே மனிதர் எங்கள் மாமா. அந்தக் காரில் ஏசி கிடையாது.

மாமா என்றால் என் அக்கா புருஷன். நான் மச்சினி. அவரைக் கேலி செய்யும் உரிமை, அவர் அக்காவுக்குத் தாலி கட்டிய அன்றே எனக்கு வந்துவிட்டது. அதை ஒரு நாளும் நான் வீணாக்கியதில்லை. இப்போது அவர் இல்லை. இருந்திருந்தாலும் இதைப் படித்துவிட்டுச் சண்டைக்கு வரமாட்டார். கோபம் வந்தால் எழுந்து போய்க் காரில் ஏதாவது ஒரு நட்டை இறுக்குவார். சந்தோஷம் வந்தாலும் அதே நட்டுதான்.

அக்காவுக்கு வயிற்றில் ஆபரேஷன் ஆகி காஞ்சிபுரத்தில் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது ஊரே வந்து பார்த்தது. மாமாவைக் காணோம். வீட்டுக்குக் கூட்டிப்போகும் நாளில்தான் காரோடு வந்து நின்றார். வலிக்கிறதா, சாப்பிட்டாயா, ஒரு வார்த்தை இல்லை. கார் கிளம்பி பாலாற்றுப் பாலத்தைத் தாண்டும்போதுதான் அக்காவுக்குத் தெரிந்தது, வண்டி வழக்கம்போலத் தூக்கிப் போடவில்லை என்பது. பள்ளத்தில் இறங்கினால் தையல் பிரிந்துவிடும் என்று மனுஷன் அத்தனை நாளும் மெக்கானிக் கடையில் உட்கார்ந்து வண்டிக்கு அடியில் எல்லாவற்றையும் புதிதாக மாற்றிக்கொண்டிருந்திருக்கிறார். அக்கா என்னிடம், "இந்தாளு என்னாண்ட ஒரு வார்த்த கேக்கலடி. ஷாக் அப்சார்பர் மாத்திட்டு வந்து நிக்கறாரு," என்றாள். அதைத் திட்டாகச் சொன்னாளா பெருமையாகச் சொன்னாளா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

அந்தக் கார் ஒரு ஃபியட். காஞ்சிபுரத்து டாக்டர் ஒருவரிடமிருந்து மாமா அதைப் பழைய வண்டியாகத்தான் வாங்கினார். ஏரிப் பாசனத்தில் நல்ல நஞ்சை இருந்தது, நெல் போட்டார், கரும்பு போட்டார், வரும்படி வந்தது. வேறு யாராக இருந்தாலும் புது வண்டி எடுத்திருப்பார்கள். இவர் அந்த ஃபியட்டையே பிரித்துப் பிரித்துப் பூட்டிக்கொண்டிருந்தார். அக்கா அதற்குச் சின்ன வீடு என்று பெயர் வைத்திருந்தாள்.

அந்தக் காரில்தான் வினையும் வந்தது. அக்காவுக்கு ஒரே மகள் சுகந்தி. இன்ஜினியரிங் காலேஜ் பஸ்ஸில் கூட வந்த டேவிட்டை விரும்பினாள். டேவிட்டின் வீடு ஏரிக்கரைக்கு அந்தண்டை இருக்கும் காலனியில். அவன் அம்மா சூசையம்மா, மாமாவின் நிலத்திலேயே நாற்று நட்டவர். எங்கள் பக்கத்துச் சனம் எப்படிக் குதித்திருக்கும் என்று நான் எழுதவே வேண்டாம். ரிஜிஸ்டர் ஆபீசில் கல்யாணம் நடந்தது. டேவிட் வேலை கிடைத்து கனடாவுக்கு முதலில் போய்விட்டான். பிறகு சுகந்திக்கும் விசா வந்தது.

அவள் புறப்பட்ட அன்று மாமியார் வீட்டிலிருந்து பெட்டியோடு அக்கா வீட்டு வாசலுக்கு வந்து, அம்மாவிடம் சொல்லிக்கொள்ள நின்றாள். கூடவே வழியனுப்ப சூசையம்மாவும் வந்திருந்தார். கார் வாசலில் பளபளவென்று நின்றது. அக்கா மாமாவின் காலில் விழாத குறை. ஏர்போர்ட் வரைக்குமாவது கொண்டுபோய் விடுங்கள், பெற்ற பெண் கடல் தாண்டிப் போகிறாள் என்று அழுதாள். மாமா மஞ்சள் துணியால் பானட்டைத் துடைத்துக்கொண்டே இருந்தார். கடைசியில் வாயைத் திறந்தார்.

"சுகந்தி ஏறட்டும். அந்தப் பொம்பள என் வண்டியில ஏறக் கூடாது."

சுகந்தி கத்தவில்லை. அவளும் அவர் பெண்தானே. "அத்த ஏறாத வண்டியில நான் ஏற மாட்டேன் நைனா. இன்னிக்கு மட்டும் இல்ல, எப்பவும்," என்று சொல்லிவிட்டுத் திரும்பினாள். சூசையம்மா பெரிய பெட்டியைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டார். இரண்டு பேரும் பேருந்து நிலையத்துக்கு நடந்தே போனார்கள். மாமா துடைத்த இடத்தையே துடைத்துக்கொண்டிருந்தார். எனக்கு அந்த மஞ்சள் துணியைப் பிடுங்கி அவர் மூஞ்சியில் எறிய வேண்டும் போலிருந்தது.

அதன் பிறகு ஆறு வருஷம் சுகந்தி அவரோடு பேசவில்லை. அவரும் பேசவில்லை. வாரா வாரம் ஞாயிற்றுக்கிழமை அக்காவுக்கு மட்டும் போன் வரும். அக்காவுக்குக் காது கொஞ்சம் மந்தம், அதனால் ஸ்பீக்கரில் போடுவாள். போன் மணி அடித்ததுமே மாமா எங்கிருந்தாலும் ஒரு ஸ்பேனரும் எண்ணெய்த் துணியுமாக வந்து கூடத்து ஓரத்தில் உட்கார்ந்துவிடுவார். போன் வைக்கிறவரை அந்த ஒரு ஸ்பேனரைத் துடைப்பார். உத்திரமேரூர் தாலுகாவிலேயே சுத்தமான ஸ்பேனர் அதுதான்.

அங்கே எல்லாம் பனி என்று சுகந்தி சொல்வாள். மைனஸ் முப்பது. காரின் கதவு உறைந்து திறக்காது. ரோட்டில் பனி கரைய உப்பு போடுவார்கள், அந்த உப்பு வண்டியின் அடியைத் தின்றுவிடும். ராத்திரியெல்லாம் இன்ஜினுக்கு கரண்ட் கொடுத்துச் சூடாக வைக்காவிட்டால் காலையில் கிளம்பாது. இதெல்லாம் அவள் அம்மாவிடம் சொன்ன கஷ்டம். கேட்டுக்கொண்டிருந்தவருக்கு அது வேலைப் பட்டியல்.

முதலில் வண்டிக்கு அடியில் தார் மாதிரி எதையோ பூசினார். உப்பு அரிக்காதாம். நம்ம ரோட்டில் உப்பு எங்கே இருக்கிறது, ரோடே இல்லையே என்று கேட்டேன். பிறகு யூடியூபில் உட்கார்ந்தார். எங்கேயோ பனி கொட்டும் ஊரில், தாடி வைத்த வெள்ளைக்காரர்கள் ஷெட்டுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு பழைய கார்களைப் பிரித்துப் பூட்டுகிறார்கள். குளிர்காலம் முழுக்க வெளியே போக முடியாதாம், அதனால் அதுதான் பொழுதுபோக்காம். மாமாவுக்கு இங்கிலீஷ் அரைகுறை. ஆனால் அவர்கள் திருகுவதைப் பார்த்து இவர் திருகினார். அவர்கள் கையுறை போட்டிருந்ததால் இவரும் சித்திரை மாதத்தில் கம்பளிக் கையுறை போட்டுக்கொண்டு திருகினார். வியர்வை முழங்கை வழியாக ஒழுகும்.

இன்ஜினைச் சூடாக்க ஒரு கம்பிச் சுருளை வைத்து, சாயங்காலம் ஆனால் வீட்டுக்குள்ளிருந்து வயர் இழுத்து காருக்குப் பிளக் போட ஆரம்பித்தார். ஊரில் பேச்சு பரவிவிட்டது. பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் எனக்கு ஜெராக்ஸ் கடை. ஆதார் கார்டு நகல் எடுக்க வருகிறவனெல்லாம், "உங்க மாமா ஃபியட்ட எலெக்ட்ரிக் வண்டியா மாத்திட்டாராமே, ஒரு சார்ஜிக்கு எவ்ளோ தூரம் ஓடுது?" என்று கேட்டான். மாமா இதை மறுக்கவில்லை. விளக்கம் சொல்வதென்றால் வாயைத் திறக்க வேண்டுமே. மற்ற கார்களுக்கு அடியில் ராத்திரி படுக்கிற தெருநாய்கள் அந்தக் காருக்கு அடியில் மட்டும் படுக்காது. அதுகளுக்குத் தெரிந்தது ஊர்க்காரர்களுக்குத் தெரியவில்லை.

டிக்கியில் அவர் வைத்திருந்த சாமான்களைக் கேளுங்கள். ஒரு கம்பளி, மெழுகுவத்தி, தீப்பெட்டி, மண்வாரி, அப்புறம் ஒரு மூட்டை மணல். பனியில் சக்கரம் சிக்கினால் மணலைத் தூவி வண்டியை எடுக்க வேண்டுமாம். நம்ம ஜில்லாவில் டிக்கியில் மணலோடு போனால் என்ன ஆகும் என்று கைக்குழந்தைக்குக்கூடத் தெரியும். ஆற்றுப் பக்கம் ராத்திரி பகலாகக் காவல் இருந்த போலீஸ்காரர் ஒருவர் வண்டியை மடக்கி, டிக்கியைத் திறந்து, மணல் ஏது என்று கேட்டார். மாமா வாழ்க்கையிலேயே முதல் முறையாக முழு விளக்கம் சொன்னார். பனிக்கு என்றார். அந்தப் போலீஸ்காரர் வானத்தைப் பார்த்தார், மாமாவின் வாயை மோந்து பார்த்தார், பிறகு எனக்குப் போன் செய்தார். நான் போய், மணல் ஒரு மூட்டைதான், கொஞ்சம் மூளை மட்டும்தான் கடத்தப்பட்டிருக்கிறது என்று சொல்லி அழைத்து வந்தேன். மறுநாள் டிக்கியில் மணலுக்குப் பதில் ஒரு மூட்டை தவிடு இருந்தது.

ஓட்டுவதும் அப்படியே மாறிப்போனது. பனியில் பிரேக் மிதிக்கக் கூடாதாம், மிதித்தால் வண்டி வழுக்கிச் சுற்றிக்கொள்ளுமாம். அதனால் மாமா பஜாரிலும் பிரேக் மிதிக்க மாட்டார். மாடு வருகிறது என்றால் தெரு முனையிலேயே கியரைக் குறைத்து, குறைத்து, மாட்டுக்குப் பக்கத்தில் போகும்போது வண்டி நடந்துகொண்டிருக்கும். பின்னால் ஷேர் ஆட்டோக்காரர்கள் அவர் பரம்பரையையே திட்டுவார்கள். சாவு ஊர்வலம் ஒன்று எங்களை ஓவர்டேக் செய்திருக்கிறது. நானே காருக்குள் இருந்தேன்.

இதெல்லாம் எதற்கு என்று அக்காவைத்தான் கேட்டேன். அக்கா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தாமல் சொன்னாள்.

"பொண்ணு வந்தா, அந்த ஊர் வண்டி மாதிரியே கீதேன்னு ஏறிடுவாளாம்."

"உன்னாண்ட சொன்னாரா?"

"அந்தாளு என்னிக்கிடி சொல்லிக்கீறாரு? நானா சொல்றேன்."

எனக்குச் சிரிப்பும் வந்தது, பற்றிக்கொண்டும் வந்தது. அவள் ஏறாமல் போனதற்குக் காரணம் சீட்டு சில்லென்று இருந்ததா? காரில் மாற்ற முடிந்ததை எல்லாம் மனுஷன் மாற்றினார். யார் ஏறலாம், யார் ஏறக் கூடாது என்ற ஒன்றை மட்டும் தொடவில்லை. அதற்கு யூடியூபில் வீடியோ கிடையாது போலிருக்கிறது.

இதற்குள் எங்கள் சனத்துக்கு வேறு விதமாக மனம் மாறியிருந்தது. சுகந்தி, பனியில் புது வீட்டுக்கு முன்னால் புருஷனோடு நின்று எடுத்த போட்டோவை அக்கா எல்லாருக்கும் காட்டினாள். கல்யாணத்தன்று, அந்தப் பையனை ஊருக்குள் விட்டால் காலை ஒடிப்பேன் என்று சொன்ன பெரியப்பா ஒருவர் அந்தப் போட்டோவை மூக்குக்கிட்டே வைத்துப் பார்த்துவிட்டு, வீடு சொந்தமா வாடகையா என்று விசாரித்தார். சொந்தம் என்றதும் "எங்க மாப்பிள்ள" என்று பேச ஆரம்பித்தார். தன் பேரனுக்கு அங்கே ஏதாவது பார்க்க முடியுமா என்றும் கேட்டார். ஆனால் சூசையம்மாவை எதிரில் பார்த்தால் இவர்கள் யாரும் வணக்கம் சொன்னதில்லை. மரியாதை பனியில் நின்றவர்களுக்குத்தான்; அவருக்கு இன்னும் பனி பெய்யவில்லை. இந்த விஷயத்தில் மாமாவுக்கு நான் ஒரு மார்க் போடுவேன்: கனடாவைக் காட்டி அவர் ஒரு நாளும் பீற்றிக்கொண்டதில்லை.

அடுத்து சங்கிலி. பனியில் வழுக்காமல் இருக்க டயர்மேல் சங்கிலி கட்டுவார்களாம். மாமா கிணற்றுச் சங்கிலியை வெல்டிங் கடைக்குக் கொண்டுபோய், குறுக்கே துண்டு துண்டாகப் பற்றவைத்து, டயர் அளவுக்கு வலை மாதிரி செய்துவிட்டார். செய்தாயிற்று, எங்கே ஓட்டிப் பார்ப்பது? அப்போது மாசி மாதம். உளுந்து அறுவடை. எங்கள் பக்கத்தில் உளுந்துச் செடியைப் பிடுங்கித் தார் ரோட்டில் பரப்பிவிடுவார்கள். போகிற வருகிற வண்டிகள் ஏறி ஏறி மிதித்துத் தானியம் உதிர்ந்துவிடும். களத்துக் கூலி மிச்சம். பைக்கில் வருகிறவர்கள்தான் வழுக்கி விழுந்து பேஜாராகித் திட்டிக்கொண்டு போவார்கள். எங்கள் ஜில்லாவில் பனிக்குப் பக்கத்தில் வரக்கூடிய வழுக்கல் அது ஒன்றுதான். மாமா சங்கிலியோடு அதன்மேல் ஏற்றினார். கரகரவென்று சத்தம். வண்டி பக்கவாட்டில் ஒரு இன்ச்கூட வழுக்கவில்லை. மாமா முகத்தில் அப்படி ஒரு திருப்தி.

விவசாயிகளுக்கு அதைவிடத் திருப்தி. டயர் நாள் முழுக்க மிதிப்பதை இந்தச் சங்கிலி ஒரே நடையில் மிதித்துவிடுகிறது. நாலு நாளில் மாமாவுக்குப் போன்மேல் போன். "அண்ணே, நம்ம ரோட்டுல செடி போட்டுக்கீறோம், ஒரு தபா அந்த கனடா வண்டிய ஓட்டிட்டுப் போங்க." இவர் பனிப் பயிற்சி என்று போவார், அவர்கள் இலவச மெஷின் என்று கூப்பிடுவார்கள். டாக்டர் வீட்டிலிருந்து வந்த ஃபியட், களத்து மாடு மாதிரி போரடித்துக்கொண்டு திரிந்தது.

அப்படி ஒரு நாள் ஏரிக்கரைக்கு அந்தண்டை போயிருந்தோம். நானும் காரில் இருந்தேன். ரோட்டுக் கடைசியில் விரித்திருந்தது சூசையம்மாவின் உளுந்து. மகன் பணம் அனுப்ப ஆரம்பித்தபின், அரைக்காணி குத்தகைக்குப் பிடித்து அவரே பயிர் வைத்திருந்தார். துடைப்பத்தால் செடியை ஒதுக்கிக்கொண்டிருந்தவர் காரைப் பார்த்ததும் பழக்கத்தில் ரோட்டை விட்டு இறங்கினார். இறங்கினவர் முழுக்க நிமிர முடியாமல், இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு பாதி வளைந்தபடியே நின்றார். அந்த இடுப்பு வளைந்தது யார் நிலத்தில் என்பது காருக்குள் இருந்த எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். நான் மாமாவைப் பார்த்தேன். அவர் அந்தம்மாவைப் பார்க்கவில்லை. காரை உளுந்தின்மேல் ஏற்றினார். போனார், திரும்பினார், மறுபடி போனார். மற்றவர்களுக்கெல்லாம் ஒரு நடை, இரண்டு நடை. இங்கே எனக்குத் தலை சுற்றும் வரை ஓட்டினார். அப்புறம் நேரே வீட்டுக்கு வந்துவிட்டார்.

மறுநாள் சூசையம்மா என் கடைக்கு வந்தார். கையில் ஒரு பை. "உளுந்தும்மா. வண்டிக்குக் கூலி, ஐயாவாண்ட குடுத்துடு," என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "பாதி ஒடஞ்சி பூட்ச்சி. அத மட்டும் சொல்லாத. மனசு கஷ்டப்படுவாரு," என்றார்.

நான் விடுவேனா? பையைக் கொண்டுபோய் மாமாவிடம் கொடுத்து, சம்பந்தியம்மா உங்களுக்குக் கூலி கொடுத்தனுப்பியிருக்கிறார், பாதி உளுந்தை உடைத்துவிட்டீர்களாம் என்று இரண்டையும் சொன்னேன். இத்தனை வருஷம் அறுவடை முடிந்து அந்தம்மாவுக்குக் கூலி அளந்த கை, பையை வாங்கிக்கொண்டு அப்படியே நின்றது. திருப்பி அனுப்புவார் என்றுதான் நினைத்தேன். அக்காவிடம் கொடுத்து ஊறப்போடச் சொன்னார். மறுநாள் நாஷ்டாவுக்கு வடை. அவர் சாப்பிட்ட வேகத்தைப் பார்த்து அக்கா எனக்கு ஒன்றே ஒன்று எடுத்து ஒளித்து வைத்தாள். எழுந்து கை கழுவும்போது மாமா சொன்னது இதுதான்:

"செயின கொஞ்சம் லூசாக்கணும்."

ஹீட்டர் கதைக்கு வருகிறேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை போனில் சுகந்தி, "காலையில கார்ல ஏறி அந்த சீட்டு சூடானாதாம்மா எனக்கு உயிரே வருது," என்று சொன்னாள். அந்த வாரமே அக்காவின் முட்டிவலிக்கு மருந்துக் கடையில் வாங்கியிருந்த ஒத்தடப் பட்டை காணாமல் போனது. கரண்டில் சூடாகுமே, அந்தப் பட்டை. காஞ்சிபுரத்தில் ஒரு ஆட்டோ எலெக்ட்ரீசியனைப் பிடித்து, அதைக் கார் பேட்டரியில் வேலை செய்யும்படி மாற்றி, பின்சீட்டின் இடது பக்கம் ரெக்சினுக்கு அடியில் வைத்துத் தைத்துவிட்டார். சுகந்தி குழந்தையிலிருந்து உட்காரும் இடம் அது. அப்புறம் தினமும் வெயிலில் நிற்கும் காருக்குள் ஏறி, அந்த இடத்தில் தானே உட்கார்ந்து, சுவிட்சைப் போட்டுச் சோதித்துப் பார்ப்பார். குளித்துவிட்டு வந்தவர் மாதிரி இறங்குவார். அக்கா இதை மகளிடம் சொன்னாள். அந்தப் பக்கம் சுகந்தி சிரித்துவிட்டாள். ஸ்பேனர் துடைத்துக்கொண்டிருந்த கை நின்றுவிட்டது. அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனை வருஷமாகியிருந்தது அந்த மனுஷனுக்கு.

கடைசியில் அவர்கள் வருவதாகச் செய்தி வந்தது. சுகந்தி, டேவிட், மூன்று வயதுக் குழந்தை. டிக்கெட் கிடைத்தது மே மாதம், கத்திரியில். மாமா காருக்கு மறுபடி பட்டி பார்த்துப் பெயிண்ட் அடித்தார். வீட்டுக்கு வெள்ளையடிக்கவில்லை. ஊர் முழுக்க இதே பேச்சு: பெண் இந்தக் காரில் ஏறுவாளா மாட்டாளா? டீக்கடையில் பந்தயம் கட்டியவர்களும் உண்டு. நான் ஏற மாட்டாள் பக்கம்.

விமானம் வருவதற்கு முந்தின நாள் மத்தியானம் சுகந்தி போன் செய்தாள். நைனா வண்டியோடு வருகிறார், சித்தியும் வருகிறாள் என்று அக்கா சொன்னாள். சுகந்தி கேட்டது ஒன்றுதான்: அத்தை எப்படி வருகிறார்கள்? அக்கா தயங்கி, அவர் பஸ்ஸில் வருவதாகச் சொல்லியிருக்கிறார் என்றாள்.

"அப்போ நாங்களும் அவங்களோட பஸ்ஸுலயே வந்துடறோம்மா," என்றாள் சுகந்தி. கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

மாமா ஸ்பேனரை வைத்துவிட்டு எழுந்து வெளியே போனார். போய், காரின் பின்சீட்டைக் கழற்ற ஆரம்பித்தார். ரெக்சினைப் பிரித்து, ஹீட்டர் பட்டையை வெளியே உருவினார். அப்பாடா, இப்போதாவது புத்தி வந்ததே, ஹீட்டரை எடுத்துத் தூரப் போடுகிறார் என்று நினைத்துக்கொண்டு நான் கடைக்குப் போய்விட்டேன். சாயங்காலம் திரும்பி வந்தபோது முன்சீட்டைக் கழற்றி வைத்துக்கொண்டு கோணி ஊசியால் தைத்துக்கொண்டிருந்தார். என்ன செய்கிறீர்கள் என்று கேட்டேன். பல்லில் நூலோடு அடுத்த தையலைப் போட்டார்.

காலையில் நானும் அவரும் கிளம்பினோம். அக்கா சமையலுக்கு வீட்டில் இருந்துவிட்டாள். நான் வழக்கம்போல முன்கதவைத் திறந்தேன். பின்னால் ஏறு என்று கையைக் காட்டினார். ஏறினேன். செங்கல்பட்டுப் பக்கம் போக நேரே போக வேண்டிய கார், ஏரிக்கரையில் திரும்பியது. காலனித் தெருவுக்குள் அந்தக் கார் அதுவரை போனதில்லை. பிரேக் போடாமல், கியர் குறைத்து, குறைத்து, சூசையம்மா வீட்டு வாசலில் போய் நின்றது. தெருவே வெளியே வந்துவிட்டது. மாமா ஹாரன் அடித்தார்.

சூசையம்மா பஸ்ஸுக்குப் புறப்பட்டுத் தயாராக, கையில் ஒயர் கூடையோடு வந்தார். காரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். என்ன கெட்ட செய்தியோ என்று நினைத்தார் போலிருக்கிறது, முகம் வெளுத்துவிட்டது. மாமா இறங்கினார். சுற்றிக்கொண்டு வந்தார். முன்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். சூசையம்மா பின்கதவுப் பக்கம் நகர்ந்தார்.

"முன்னால உக்காருங்க," என்றார் மாமா.

அந்தம்மாவை அவர் 'ங்க' போட்டுப் பேசி நான் கேட்டதே இல்லை. நாங்கள் யாருமே பேசியதில்லை. சூசையம்மா செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு ஏறப் போனார். மாமா குனிந்து, அந்தச் செருப்பை வாங்கி, காருக்குள் அவர் காலடியில் வைத்தார். கதவைச் சாத்தினார்.

கார் கிளம்பியதும் சுவிட்சைப் போட்டுவிட்டார். கொஞ்ச தூரம் போனதும் சூசையம்மா நெளிந்தார். திரும்பி என்னைப் பார்த்து, "இன்னாம்மா சீட்டு சுடுது, இன்ஜினு பத்திக்கிச்சா?" என்று மெதுவாகக் கேட்டார். ஹீட்டர் என்றேன். எதற்கு என்றார். அதை நான் எப்படிச் சொல்வது? மாமா ரோட்டைப் பார்த்துக்கொண்டே, "அணச்சிடட்டுமா?" என்றார். நெற்றியில் வியர்வை ஓடுகிறது அந்தம்மாவுக்கு. ஒரு நிமிஷம் அப்படியே சாய்ந்து உட்கார்ந்து பார்த்தார்.

"இருக்கட்டும் ஐயா. இடுப்புக்கு இதமாத்தான் கீது."

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். வெயில் அதிகம், கண் கலங்கியது.

ஏர்போர்ட்டில் காரை நிறுத்தும் இடம் வாசலிலிருந்து ரொம்ப தூரம். அந்தம்மா காரிலேயே இருக்கட்டும் என்று நாங்கள் இரண்டு பேரும் போய் நின்றோம். சுகந்தி வந்தாள். என்னைக் கட்டிக்கொண்டாள். அப்பாவை ஒரு பார்வை பார்த்தாள். மாமா டேவிட் கையிலிருந்த தள்ளுவண்டியை வாங்கித் தள்ள ஆரம்பித்தார், அதன் சக்கரம் ஒன்று கிறீச்சென்றதும் குனிந்து அதைப் பார்த்தார். சுகந்தி என் காதருகே, "அத்த எங்க சித்தி? நாங்க பஸ்ஸுல வரோம்னு சொன்னேனே," என்றாள். நான் வா என்று மட்டும் சொன்னேன். கார் கண்ணுக்குத் தெரிந்த இடத்தில் அவள் நின்றுவிட்டாள். முன்கதவு திறந்திருக்கிறது. முன்சீட்டில் சூசையம்மா, தலையைச் சாய்த்து, வாயைக் கொஞ்சம் திறந்துகொண்டு தூங்குகிறார்.

எழுப்பியதும் அவர் பதறி இறங்கி, முன்சீட்டை மருமகளுக்கு விடப் பார்த்தார். சுகந்தி அவர் தோளைப் பிடித்து அங்கேயே உட்கார வைத்தாள். பிறகு பின்கதவைத் திறந்து ஏறினாள். பந்தயத்தில் நான் தோற்றேன். அவ்வளவு சந்தோஷமாக நான் எதிலும் தோற்றதில்லை.

பெட்டிகள் கேரியரில் ஏறின. பின்னால் நான், டேவிட், மடியில் குழந்தையோடு சுகந்தி. செங்கல்பட்டு வருவதற்குள் காருக்குள் இட்லி வேக வைக்கலாம், அத்தனை சூடு. குழந்தை சட்டையைக் கழற்றச் சொல்லி அழுதது. சுகந்திதான் கடைசியில் வாயைத் திறந்தாள்.

"இன்னா நைனா, ஏசி இல்லியா?"

"இல்ல. ஹீட்டர்தான் கீது."

ஆறு வருஷத்துக்குப் பிறகு அப்பாவும் மகளும் பேசிய முதல் பேச்சு இது. டேவிட் கர்ச்சீப்பை வாயில் அடைத்துக்கொண்டான்.

"இத்தினி வருஷமா இன்னாதான் பண்ணிக்கினு இருந்த நீ?"

மாமா புக்கத்துறை கூட்ரோட்டில் கியரைக் குறைத்து, குறைத்து, திரும்பினார்.

"வண்டிய ரெடி பண்ணிக்கினு இருந்தேன்."

சுகந்தி முன்சீட்டில் இருந்த நரைத்த கொண்டையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "ரொம்ப நாள் எடுத்துக்கின நைனா," என்றாள்.

மாமா கையைத் தூக்கி, தலைக்கு மேலிருந்த கண்ணாடியை மெதுவாகத் திருப்பினார். பின்னால் வரும் ரோட்டைக் காட்டிக்கொண்டிருந்த கண்ணாடி இப்போது சுகந்தியின் முகத்தைக் காட்டியது. எங்களுக்குப் பின்னால் ஒரு லாரிக்காரன் வழி கேட்டு ஹாரன் அடித்துக்கொண்டே வந்தான். உத்திரமேரூர் வரும்வரை மாமாவுக்கு அவன் தெரியவே இல்லை.